ஓட்டுப் போட வராதவர்கள் யார்?

கேள்வி: ஜப்பானில் மக்கள்தொகை குறைந்துபோன டோகுஷிமா, கோச்சி என்ற இரண்டு மாகாணங்களை மேலவைக்கு ஒரே தொகுதியாக்கிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் புலம்புகிறார்களாம். ஆள் குறைந்தால் எம்.பி.யும் குறையத்தானே வேண்டும்? ஓட்டுப் போடவே வராதவர்களுக்குத் தனித் தொகுதி எதற்கு?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கடைசி வரியில் நீங்கள் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். யார் வரவில்லை, எப்போது வரவில்லை என்று பாருங்கள்.

கூட்டுத் தொகுதிக்கு முதல் தேர்தல் 2016-ல் நடந்தது. ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியின் நகானிஷி யூசுகே, எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளர் இருவருமே டோகுஷிமாக்காரர்கள். கோச்சியில் பதிவான வாக்கு 45.52 சதவீதம். அந்தத் தேர்தலில் நாட்டிலேயே கடைசி இடம். 2019-ல் முக்கிய வேட்பாளர்கள் இருவரும் கோச்சிக்காரர்கள். இப்போது கடைசி இடம் டோகுஷிமாவுக்கு, 38.59 சதவீதம். வென்ற டகானோ கோஜிரோ, தன் செயலாளரைத் தாக்கிய விவகாரத்தில் 2023-ல் பதவி விலகினார். அக்டோபரில் இடைத்தேர்தல். போட்டியிட்ட இருவரும் மறுபடி கோச்சி. டோகுஷிமாவில் 23.92 சதவீதம், நாலில் ஒருவர்கூட வரவில்லை. அதே நாளில், அதே தொகுதியில், கோச்சியில் 40 சதவீதத்தைத் தாண்டியது. எந்த மாகாணத்துக்குச் சொந்த வேட்பாளர் இல்லையோ அந்த மாகாணம் வீட்டிலேயே இருந்துவிட்டது. இதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன்.

அங்கே பட்டனும் கிடையாது, சின்னமும் கிடையாது. சாவடியில் பென்சிலை எடுத்து வேட்பாளரின் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும். 2016-ல் கோச்சியில் 6 சதவீதத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவையாகின. அதுவும் நாட்டிலேயே அதிகம். பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'தொகுதி இணைப்பு வேண்டாம்' என்று எழுதிய சீட்டுகளும் அவற்றில் இருந்தன. அவர்கள் சாவடி வரை வந்தவர்கள்தானே?

இந்தத் தொகுதிகள் சும்மா கிடந்தவையும் அல்ல. 1974-ல் டோகுஷிமாவின் ஒரே ஓர் இடத்துக்கு நடந்த போட்டி மத்திய அமைச்சரவையையே ஆட்டியது. பிரதமர் தனாகா காகுவேய், அங்கிருந்த சிட்டிங் எம்.பி. குஜிமே கென்டாரோவை ஒதுக்கிவிட்டு, காவல்துறைத் தலைவராக இருந்த கோதோதா மசஹாருவுக்குக் கட்சி சீட்டைக் கொடுத்தார். குஜிமே, துணைப் பிரதமர் மிகி டகேயோவின் ஆள். டோகுஷிமா மிகியின் சொந்த மண். குஜிமே சுயேச்சையாக நின்று ஜெயித்தார். மாகாணத்தின் பழைய பெயரால் இதை 'ஆவா போர்' என்றே இன்றும் சொல்கிறார்கள். தேர்தல் முடிந்த சில நாட்களில் மிகி பதவியை உதறினார். அந்த ஆண்டு டிசம்பரில் அவரே பிரதமர்.

1989-ல் நுகர்வு வரியும் ரெக்ரூட் நிறுவனத்தின் பங்கு ஊழலும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. டோகுஷிமா இனுயி ஹருமியைத் தேர்ந்தெடுத்தது, கோச்சி நிஷியோகா ருரிகோவைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு பெண்கள், இருவரும் ஆளுங்கட்சிக்கு எதிரணி. அந்த ஆண்டு நாடெங்கும் இருந்த 26 ஒற்றை இடத் தொகுதிகளில் லிபரல் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தவை 3 மட்டுமே. சின்ன மாகாணங்கள்தான் அன்று அந்தக் கட்சியின் மேலவைப் பெரும்பான்மையைப் பறித்தன.

உங்கள் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. 2010 தேர்தலில் சின்ன மாகாணமான டொட்டோரியின் ஒரு வாக்குக்கு இருந்த மதிப்பு, பெரிய மாகாணமான கனகாவாவின் ஒரு வாக்குக்கு இருந்ததைப்போல 5 மடங்கு. உச்ச நீதிமன்றம் 2012-ல் அதைக் கண்டித்தது சரியே. அதில் எனக்குத் துளியும் மாறுபாடு இல்லை. ஆனால் நீதிமன்றம் கேட்டது, மாகாண எல்லையை வைத்துத் தொகுதி வகுக்கும் முறையையே திருத்தும்படி. நாடாளுமன்றம் 2015-ல் என்ன செய்தது? 47 மாகாணங்களில் நாலை மட்டும் பிடித்து இரண்டிரண்டாகக் கட்டியது: டொட்டோரியோடு ஷிமானே, டோகுஷிமாவோடு கோச்சி. ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 3 மடங்காக இறங்கியது. தனித் தொகுதியையே இழந்தவர்கள் அந்த நாலு மாகாணத்தார் மட்டும். இதே ஜோடிகளை மெய்ஜி அரசு 1876-ல் நிர்வாகத்துக்காக ஒட்டவைத்துப் பார்த்தது. மக்கள் ஏற்கவில்லை, 1880-ல் டோகுஷிமாவும் 1881-ல் டொட்டோரியும் பிரிந்தன. இன்றும் டோகுஷிமாவிலிருந்து கோச்சிக்கு ரயிலில் போக வேண்டுமானால் ஆவா இகேதாவில் இறங்கி வண்டி மாற வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது இதற்குப் பிறகு நடந்ததில்தான். இடம் பறிபோன தன் ஆட்களுக்கு ஆளுங்கட்சி 2018-ல் வேறு கதவைத் திறந்தது. மேலவையின் ஒரு பகுதி இடங்கள், நாடு முழுவதும் கட்சிகள் பெறும் வாக்கின் விகிதப்படி கட்சிப் பட்டியலிலிருந்து நிரம்புகின்றன. அந்தப் பட்டியலில் 'சிறப்பு ஒதுக்கீடு' என்று ஒன்று. அதில் பெயர் இருந்தால், தனிப்பட்ட வாக்கு எத்தனை என்ற கேள்வியே இல்லாமல் கட்சி வெல்லும் இடங்களில் முதலிடம். 2019-ல் டோகுஷிமாவின் மிகி டோரு, 2022-ல் கோச்சியின் கஜிஹாரா டைசுகே, 2025-ல் டோகுஷிமாவின் ஃபுகுயாமா மமோரு என வரிசையாக அந்த வழியில் உள்ளே போனார்கள். ரெய்வா ஷின்செங்குமி கட்சி 2019-ல் கடும் உடல் குறைபாடுள்ள இருவரை இதே வழியில் அவைக்கு அனுப்பியது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் சட்டம் அதற்காக வரவில்லை. தொகுதி இழந்த மாகாணத்துக்கு எம்.பி. கிடைத்தார் என்று கட்சி சொல்லிக்கொள்ளலாம். அவரைத் தேர்ந்தெடுக்கவோ தோற்கடிக்கவோ அந்த மாகாண வாக்காளரின் கையில் எதுவும் இல்லை. 1974-ல் குஜிமேயை ஜெயிக்க வைத்தது அந்த உரிமைதான்.

2023 இடைத்தேர்தலில் ஜெயித்தவர் சுயேச்சையான ஹிரோத்தா ஹஜிமே. 2025-லும் அவரே வென்றார். அவரும் கோச்சிக்காரர்தான்.