மண்புழுக்கள் மூடிக்கு ஏறுவது ஏன்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். கறிவேப்பிலைச் செடிக்கு உரம் வேண்டுமென்று பிளாஸ்டிக் பெட்டியில் சிவப்பு மண்புழு வளர்க்கிறேன். லிச்சி சீசன் வந்ததிலிருந்து பெட்டி புளித்து நாறுகிறது. புழுக்கள் மூடிக்கடியில் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. வேறு புழு வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் புழுக்களிடம் குறையே இல்லை. கீழே சூடும் புளிப்பும் தாங்காமல்தான் மேலே ஏறுகின்றன. லிச்சி, மாம்பழம் போன்ற இனிப்புக் கழிவை மொத்தமாகக் கொட்டினால், புழு தின்பதற்குள் அது நொதித்துச் சூடேறிவிடும். இந்தப் புழுவுக்கு 15 முதல் 25 டிகிரி வரை சுகம். 35ஐத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம். டர்பன் கோடையில் பெட்டிக்குள் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது.

புழு தின்னாத கழிவை இன்றே அள்ளித் தோட்டத்தில் புதைத்துவிடுங்கள். அப்புறம் அட்டைப்பெட்டியைக் கிழித்து, பெட்டியில் இருக்கும் அளவுக்குப் பாதியாவது சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள். ஈரம் தேங்கிக் காற்று போகாததால்தான் நாற்றம். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினால் புளிப்பு தணியும். ஒரு வாரம் எதுவும் போடாதீர்கள். பட்டினி போடுகிறோமே என்று மனசு கேட்காதுதான். ஆனால் அவை அட்டையைத் தின்றே சமாளித்துக்கொள்ளும்.

பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நம் ஊரில் உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும். அதனால் வடக்குச் சுவரும் மேற்குச் சுவரும் ஆகாது. தெற்குப் பக்கம், மரநிழலோ கூரைநிழலோ இருந்தால் நல்லது.

மறுபடி ஆரம்பிக்கும்போது ஒரு மூலையில் மட்டும் ஒரு பிடி போட்டு, மேலே அட்டையால் மூடுங்கள். அது தீர்ந்த பிறகே அடுத்தது. பழத்தோலை உறைய வைத்து, பிறகு வெளியே வைத்துக் குளிர் போனதும் போட்டால் பழ ஈ முட்டைகள் செத்துவிடும், தோலும் சீக்கிரம் மக்கும். மிச்சக் கறி மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பும் எண்ணெயும் காரமும் புழுவுக்கு ஆகாது.

கிளறும்போது எலுமிச்சை வடிவில், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சள் மணிகள் தெரிந்தால் அவை புழு முட்டைக்கூடுகள். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று குஞ்சுகள் வரும், நசுக்கிவிடாதீர்கள். குஞ்சுகள் நூல் போல இருந்தாலும் உடம்பில் சிவப்புக் கோடு தெரியும். முழு வெள்ளையாக நெளிபவை வேறு இனம். அவை கெடுதல் செய்யாது. ஆனால் பெருகினால் புளிப்பு இன்னும் போகவில்லை, முட்டை ஓட்டுப் பொடியும் அட்டையும் இன்னொரு முறை வேண்டும்.