விட்டமின் குறைவைச் சரி செய்தால் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிறேன், இப்போது பி12, டி இரண்டும் குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, அதுதான் காரணமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 14 வருஷமாக நிற்கிறவள். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டி மூன்று வருஷம் அல்லாடியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 2016ல் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. டி.எஸ்.எச். என்று ரத்தத்தில் ஒரு அளவு பார்ப்பார்கள், தைராய்டு குறைந்தால் அது ஏறும். எனக்கு 18 இருந்தது, 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் அளவு சரியாகிவிட்டது. சில வருஷம் கழித்து மறுபடி அசதி, முடி கொட்டுவது, பத்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன விலை மறந்து போவது, பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு. எதைச் சொன்னாலும் "உனக்குத்தான் தைராய்டு இருக்கே" என்பதே பதில். வீட்டில், கடையில், நான் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடமும். காலைப் பற்றிச் சொன்னால் நாள் முழுக்க நிற்கிறாய், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் நம்பினேன்.

அசதிக்கு என்று அக்கா சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், இரும்பும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தது. காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையையும் அதையும் ஒரே மடக்கில் விழுங்கினேன், உடனே காபி. அடுத்த டெஸ்டில் டி.எஸ்.எச். 11. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் 75 ஆக ஏற்றிவிட்டார்கள். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டுமாம்.

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் இடது கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். பூ விற்கிற ஆச்சிதான் "ஏ தாயி, செருப்பு அங்க கெடக்கு பாரு" என்று கூப்பிட்டாள். குனிந்து பார்த்தால் வெறுங்கால். அன்றைக்குத்தான் பயந்து வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், வழுவழுவென்று சிவந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பார்த்த இசைக்கவையைத் தட்டி கணுக்காலில் வைத்தார். அதிர்வே தெரியவில்லை. பி12 பார்த்தபோது 132, குறைந்தது 200 இருக்க வேண்டிய இடத்தில். டி விட்டமின் 11. காலை 9 மணிக்குக் கடைக்குள் போய் இரவு 10 மணிக்கு வெளியே வருகிறவளுக்கு வெயில் எங்கே கிடைக்கும்?

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். என்னைப் போல நிறையப் பேருக்கு தைராய்டு குறைவது ஹாஷிமோட்டோ நோயால். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவது அது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அதே எதிர்ப்பு சக்தி வயிற்றுச் செல்களையும் தாக்கும். பி12 உடம்பில் சேர ஒரு புரதம் வேண்டும், அது அந்தச் செல்களிலிருந்துதான் வருகிறது. எனக்கு டெஸ்டில் தைராய்டு, வயிறு இரண்டிலும் இந்தத் தாக்குதல் இருந்தது. ஆக பி12 குறைந்ததால் தைராய்டு கெடவில்லை, இரண்டையும் கெடுத்தது ஒன்றே. டி விட்டமின் குறைவும் ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது, ஆனால் அதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. எலும்புக்காக அதைச் சரி செய்யத்தான் வேண்டும். ஃபோலிக் ஆசிட் விஷயத்தையும் அவர்தான் சொன்னார். பி12 குறைந்திருக்கும்போது அதை மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

சைவம் சாப்பிட்டால் அப்படித்தான் என்று யாராவது எழுத வருவீர்கள். சைவச் சாப்பாட்டில் பி12 குறைவு, பால் தயிரில் கொஞ்சம்தான் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிற என் அக்காவுக்கு அளவு சரியாக இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது குறையும், அவர்கள் மீன் சாப்பிட்டாலும்.

கால் மரத்ததற்கு நிற்பது காரணம் இல்லை என்று இப்போது தெரியும். அதற்காக எங்களை நிற்க வைத்தது சரியாகிவிடாது. 2021ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் கொண்டுவந்தார்கள். எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பார், ஒன்றும் சொல்ல மாட்டார், அவ்வளவுதான், எழுந்துவிடுவோம். கால் உணர்ச்சி இல்லாமல் இருந்த மாதங்களில்கூட நான் அதில் உட்கார்ந்ததில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். முடிக்கு என்று பயோட்டின் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், அது சில லேப்களில் தைராய்டு டெஸ்டையே தப்பாகக் காட்டும், டெஸ்டுக்கு இரண்டு நாளாவது முன்னால் நிறுத்தச் சொல்வார்கள்.

எனக்கு பி12 ஊசி முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. சத்து மாத்திரையை மதியத்துக்கு மாற்றியதும் தைராய்டு மாத்திரை பழையபடி 50க்கே வந்துவிட்டது. ஞாபக மறதி போய்விட்டது, பாதத்திலும் உணர்ச்சி வந்துவிட்டது. இடது கால் பெருவிரல் மட்டும் இன்னும் மரத்தேதான் இருக்கிறது.