கறுப்புக் காரில் பாலிஷுக்குப் பின் மங்கல்: முதலில் பேடை மாற்றுங்கள்

வணக்கம் நண்பரே. டிஏ மெஷின் (சுழன்றபடியே ஆடித் தேய்க்கும் பாலிஷ் மெஷின்), அதில் மாட்டும் மைக்ரோஃபைபர் பேட், கட்டிங் காம்பவுண்ட் (கீறலை வெட்டியெடுக்கும் கரகரப்பான பசை) வைத்துத் தேய்த்ததில் சுழல் கீறல்கள் போய்விட்டன, ஆனால் வெயிலில் புகை படிந்த மாதிரி மங்கல் தெரிகிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள், பெயின்ட் கெட்டுவிடவில்லை. பேடின் இழைகளும் காம்பவுண்டும் சேர்ந்து போட்ட நுண்கீறல்கள் அவை. கறுப்பில்தான் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

மறுபடி காம்பவுண்ட் வேண்டாம். மென்மையான ஃபோம் ஃபினிஷிங் பேடும் மெகுவையர்ஸ் 205 போன்ற நைஸ் பாலிஷும் போதும். பேடை நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு வெட்டும், இன்னொன்றின் ஆரஞ்சு மெருகேற்றும்.

முதலில் பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரம் மட்டும். பட்டாணி அளவில் நாலு சொட்டு, மெதுவான கை, கடைசி இரண்டு சுற்றில் மெஷினின் எடை மட்டும். அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். துடைக்காவிட்டால் பாலிஷிலுள்ள எண்ணெய் கீறலை மறைத்து ஏமாற்றும். நானே அப்படி ஏமாந்து ஒரு முழுக் கதவைத் திரும்பச் செய்திருக்கிறேன்.

இன்னும் மங்கல் இருந்தால் பேடைத் திருப்பிப் பாருங்கள், பொடி அப்பிக் கிடக்கும். சுத்தமான பேடுக்கு மாறுங்கள். ஒரு காருக்கு மூன்று நாலு பேடாவது வேண்டும்.

நகம் மாட்டுகிற கீறலைத் துரத்த வேண்டாம். தேய்க்கத் தேய்க்கக் குறைவது கிளியர்கோட், அதாவது பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சு. அது பெரும்பாலும் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) சொச்சம்தான் இருக்கும்.