மிதிவண்டியிலிருந்து விழுந்ததால் முதுகு வளையுமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மிதிவண்டியிலிருந்து விழுந்ததுதான் உங்கள் 13 வயது மகளின் முதுகு வளைவுக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் முள்ளெலும்பு முறிந்திருந்தால்தான் அடிபட்டது நிலையான வளைவை உண்டாக்கும். அப்படி முறிந்திருந்தால் பெரும்பாலும் அப்போதே கடுமையான முதுகுவலி இருந்திருக்கும்; ஆனால் எழுந்து நடக்க முடிந்ததை மட்டும் வைத்து முறிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த வயதில் தோன்றும் ஸ்கோலியோசிஸில் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) பத்தில் எட்டுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்தால் சொல்ல முடிவதில்லை; பரம்பரைக்குப் பங்கு உண்டு, வளர்ச்சி வேகமெடுக்கும்போது வளைவும் கூடுகிறது. (புத்தகப் பையின் சுமைமீது பழி போடுவதும் வீண்தான்.) பிறவியிலேயே முள்ளெலும்பு சரியாக உருவாகாமை, தசை, நரம்பு நோய்கள் ஆகியவை எஞ்சியவற்றுக்கு முக்கியக் காரணங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். முழங்கால் மடங்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு, இடுப்பிலிருந்து அவளைக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால், உண்மையான வளைவில் ஒரு பக்க விலா மேடு மற்றதைவிட உயர்ந்து தெரியும். தசைப்பிடிப்பாலோ கால் நீள வேறுபாட்டாலோ வந்த சாய்வாக இருந்தால், பெரும்பாலும் மேடு தெரியாது.

ஆனாலும் இது எக்ஸ்ரேவுக்கு மாற்றாகாது. நின்ற நிலையில் எடுத்த படத்தில் வளைவின் கோணம் 10 பாகையை எட்டினால்தான் ஸ்கோலியோசிஸ் என்பார்கள். இரவில் எழுப்பும் வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை இருந்தால் எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.