பக்கத்து மனையில் அடுக்குமாடி வருகிறதா? கேள்வி பதில்

சென்னையில் பில்டர்களுக்கு வரைபடம் போட்டு, சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) திட்ட அனுமதிக்குக் கோப்பு கொண்டுபோகிற கட்டடக் கலைஞர் நான். அக்கம்பக்கத்துக்காரர்கள், வீடு வாங்கப்போகிறவர்கள், சின்ன பில்டர் ஒருவர் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

சார், எங்கள் தெரு முப்பது அடிதான். முனையில் இருக்கிற பழைய குடோன் இடத்தில் 14 மாடி வருமாம். எப்படி அனுமதி கொடுப்பார்கள்?

அந்தத் தெரு ஒன்றுதான் வழி என்றால் கொடுக்க முடியாது. 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர், அதாவது சுமார் 40 அடிச் சாலை வேண்டும். மனைக்கு முன்னால் மட்டும் அகலமாக இருந்தாலும் போதாது. ஆனால் பின்பக்கம் பெரிய சாலையைத் தொடுகிறதா என்று பாருங்கள். பில்டர்கள் பின் மனையையும் சேர்த்து வாங்குவது பெரும்பாலும் இதற்காகத்தான். எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, சாதாரணக் கட்டடத்துக்கு 2, உயர்மாடிக்கு 3.25 வரை போகலாம். ஒரே மனையில் அவ்வளவு கூடுதலாகக் கட்டலாம் என்பதால்தான் சாலை அகலத்தில் இவ்வளவு இழுபறி.

அனுமதி கொடுப்பதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க மாட்டார்களா?

மாட்டார்கள். இது எனக்கு இன்றுவரை வருத்தமான விஷயம். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அதிலும் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. உங்களுக்கு இரண்டு இடங்களில் வாய்ப்பு இருக்கிறது. நில உபயோக மாற்றம் கேட்டிருந்தால் நாளிதழில் அறிவிப்பு வரும், அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான ஆவணங்கள் பரிவேஷ் என்கிற மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி இணையதளத்தில் கிடைக்கும். "வேண்டாம்" என்று நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, மழைநீர் எந்த வாய்க்காலில் விழும், கழிவுநீர் எங்கே போகும் என்று சர்வே எண்ணோடு கேட்கிற ஒரு பக்கக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

பிரசுரத்தில் பெரிய பூங்கா காட்டுகிறார்கள். குடியிருப்போருக்கு மட்டும் என்கிறார் சேல்ஸ் தம்பி. நம்பலாமா அண்ணா?

சிஎம்டிஏ முத்திரை போட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் அந்தப் பூங்கா மேல் ஓஎஸ்ஆர் (பொதுத் திறந்தவெளிக்கான ஒதுக்கீடு) என்று எழுதியிருந்தால் அது உங்களுடையதல்ல. மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு. அதற்கு மேல் நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தெருவில் போகிற எந்தப் பிள்ளையும் அங்கே விளையாடலாம். அதைச் சுற்றி கேட் போட்டுப் பூட்டி, குடியிருப்பின் வசதிகளில் ஒன்றாக விற்பது தவறு. விலைக்கு வாங்கியவர்களும் ஏமாறுகிறார்கள், ஊர்க்காரர்களும் ஏமாறுகிறார்கள்.

"அப்ரூவல் வந்துவிடும், இப்போதே புக் பண்ணினால் விலை குறைவு" என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவான பிறகும், ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

சிஎம்டிஏ அனுமதி இருந்தால் கட்டடம் உறுதியானது என்று அர்த்தமா சார்?

இல்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் இடிந்து விழுந்த 11 மாடிக் கட்டடமும் அனுமதி வாங்கியதுதான். 61 பேர் இறந்தார்கள். திட்ட அனுமதியில் பார்ப்பது முக்கியமாக நில உபயோகம், உயரம், பக்க இடைவெளி, பார்க்கிங். தூண் தாங்குமா என்பது மண் பரிசோதனை அறிக்கையிலும் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்திலும் இருக்கிறது. அந்த இரண்டையும் கேளுங்கள். ஏரிக்கரை, சதுப்பு நிலம் பக்கம் என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு நிலம். அதைச் சுற்றி எதுவரை கட்டலாம் என்பது தீர்ப்பாயம் வரை போன விவகாரம். அங்கே வாங்குகிறவர்கள் பட்டாவோடு நிற்காமல், எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்கிற வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பாருங்கள். பக்கத்து சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

முதல்முறையாக உயர்மாடி போடுகிறேன். கோப்பு திரும்பித் திரும்பி வருகிறது. எங்கே தப்பு நடக்கும்?

முதலில் அளவுகள். பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் ஒன்று, தரையில் டேப் பிடித்தால் இன்னொன்று. எது குறைவோ அதை வைத்துத்தான் எஃப்எஸ்ஐ கணக்கு. வரைபடம் போடுவதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்து, பட்டாவைச் சரிசெய்யுங்கள். அப்புறம் சுற்று இடைவெளி. 30 மீட்டர் உயரம் வரை நாலு பக்கமும் 7 மீட்டர் விட வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடும். அது தீயணைப்பு வண்டி சுற்றிவர வேண்டிய இடம். தாளில் 7 மீட்டர் விட்டுவிட்டு, மூலையில் டிரான்ஸ்பார்மரையும் ஜெனரேட்டரையும் வைத்து, நடுவில் பேஸ்மென்ட் சரிவுப்பாதையை இறக்கினால் வண்டி எப்படித் திரும்பும்? தீயணைப்புத் துறை கேட்கிற கேள்வி இதுதான், நியாயமான கேள்வி. வீடுகளை வரைவதற்கு முன்னால் வண்டியின் பாதையை வரையுங்கள். மிச்ச இடத்தில் எத்தனை வீடு வருமோ அத்தனை வரட்டும்.