வீட்டிலேயே பழைய காலத்துத் தோற்றத்தில் காகித டேக் செய்வது எப்படி? டீயில் நனைத்தால் மட்டும் போதுமா?

டீயில் நனைத்தால் நிறம் வந்துவிடும். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது டீயில் நனைத்த அட்டையாகத்தான் தெரியும். பரிசுப் பொட்டலங்களுக்கும் என் நோட்டுப் புத்தகங்களுக்கும் இந்த டேக்குகளை நெடுநாளாகச் செய்துவருகிறேன். கத்தரிக்கோலை எடுக்கும் முன் நான் யோசிப்பது ஒன்றைத்தான்: இது உண்மையிலேயே ஒரு மூட்டையிலோ பெட்டியிலோ பல வருடம் தொங்கியிருந்தால் எங்கே தேய்ந்திருக்கும், எங்கே கை பட்டு அழுக்கேறியிருக்கும்? கறையும் தேய்மானமும் அந்த இடங்களில் விழுந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

காகிதம் மஞ்சளாவதற்கு முக்கியக் காரணம் மரக்கூழில் இருக்கும் லிக்னின். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழுப்பாகும். செய்தித்தாள் ஜன்னலோரத்தில் கிடந்தால் சீக்கிரமே மஞ்சளாவது இதனால்தான். பருத்திக் கந்தலில் செய்த காகிதத்தில் லிக்னின் மிகக் குறைவு, அது பல காலம் வெளுப்பாகவே இருக்கும். அடுக்கி வைத்த தாள்களுக்குள் காற்று ஓரம் வழியாகத்தான் நுழையும். அதனால் ஓரம் கருத்து, நடு வெளிறி இருக்கும். ஒரே சீராகப் பழுப்பேறிய டேக் பொய்யாகத் தோன்றுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அட்டை 160 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை கனமாக, பளபளப்புப் பூச்சு இல்லாததாக இருக்கட்டும். பூச்சுள்ள அட்டையில் சாயம் இறங்காது, மேலேயே திட்டுத்திட்டாக நிற்கும். வெள்ளை வெளேர் என்ற தாளைவிடத் தந்த நிறத் தாள் நல்லது. பளீர் வெள்ளைத் தாள்களில் ஒளியூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள், சாயத்துக்கு அடியிலிருந்து ஒரு நீலச்சாயல் எட்டிப்பார்க்கும்.

அளவுக்கு, பழைய சரக்கு டேக்குகளில் பரவலாக இருந்த 4¾ அங்குல நீளம், 2⅜ அங்குல அகலம் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும். ஒரு முனையில் இரண்டு மூலைகளையும் சாய்வாக வெட்டி, நடுவில் பன்ச் போட்டால் வடிவம் வந்துவிடும். துளையைச் சுற்றி ஒட்டும் காகித வளையத்தை மறந்துவிடாதீர்கள். நூல் இழுத்து இழுத்துத் துளை கிழிந்ததால்தான் அந்த வளையமே வந்தது. அமெரிக்காவில் டேக் தயாரித்த டென்னிசன் 1863-ல் காப்புரிமை பெற்றது இதற்குத்தான். வளையத்தை அட்டையோடு சேர்த்துச் சாயமேற்றி, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். முன்பே ஒட்டினால் பிதுங்கிய பசை காகிதத்தை மூடிக்கொள்ளும், அந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

அச்சிட வேண்டியிருந்தால் பிரிண்டரைப் பொறுத்து வரிசை மாறும். லேசர் பிரிண்டரின் டோனர் சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள், தண்ணீருக்கு அசையாது. எனவே அச்சிட்டுவிட்டே நனைக்கலாம். சாதாரண இன்க்ஜெட் மை கரைந்து ஓடும். அதற்குச் சாயமேற்றிக் காயவைத்து, தட்டையாக்கிய பிறகுதான் அச்சு.

சாயத்துக்கு முன்னால் அட்டையை ஒருமுறை நன்றாகக் கசக்கிப் பிரித்துவிடுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் காகிதத்தின் மேற்பரப்பில் இருக்கும் பசை உடைந்து இழைகள் திறந்துகொள்ளும். சாயம் அங்கே ஆழமாக இறங்கி நரம்பு நரம்பாகக் கோடுகள் தெரியும். காய்ந்த பிறகு கசக்கினால் வெள்ளைக் கோடுதான் மிஞ்சும்.

இனி டீயா, காபியா? டீ சற்றே சிவந்த பழுப்பைத் தரும், காபி மங்கிய மண் நிறத்தை. ஒரு கப் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி ஆறவையுங்கள். காபிக்கு ஒரு ஸ்பூன் இன்ஸ்டன்ட் தூள் போதும். பாலும் சர்க்கரையும் கூடவே கூடாது. பிசுபிசுக்கும், எறும்பு வரும், பூஞ்சையும் பிடிக்கும். டீத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நிறம் கருக்கும், சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் வெளுக்கும். ஒரே பாத்திரத்துச் சாயத்திலிருந்தே வெவ்வேறு வயதாகத் தோன்றும் இரண்டு மூன்று டேக்குகளை எடுக்க எனக்குப் பிடித்த வழி இது.

இரும்பு நார்த் துண்டு ஒன்றை வினிகரில் ஒரு இரவு ஊறவைத்து, அந்த நீரில் ஒரு துளியை டீ ஏறிய அட்டையில் தொட்டால் அங்கே சாம்பல் கறுப்பாக மாறும். டீயில் துவர்ப்பைத் தரும் டானினும் இரும்பும் சேர்ந்து நடக்கும் இந்த மாற்றத்தில்தான் பழைய கால எழுதுமையும் உருவானது. துரு பிடித்த ஊசி குத்திய தடம் வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒரு துளியோடு நிறுத்துங்கள், அதிகமானால் நாளடைவில் காகிதத்தையே அரித்துவிடும்.

அட்டையை முக்கி எடுப்பதைவிட பிரஷ்ஷால் தடவுவது என் கைக்குப் பிடிபடும். முதலில் மெல்லிய ஒரு பூச்சு, பிறகு ஓரங்களில் இன்னொரு பூச்சு. ஈரமாக இருக்கும்போதே இன்ஸ்டன்ட் காபித் துகள்கள் நாலைந்தைத் தூவினால் பழைய புத்தகங்களில் வரும் பழுப்புப் புள்ளிகள் கிடைக்கும். நாலைந்து என்றால் நாலைந்துதான், கைநிறையத் தூவினால் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

உலர்த்தும் விதம்தான் பலரும் கவனிக்காதது. பிளாஸ்டிக் தாள்மேல் படுக்கவைத்தால் தேங்கிய நீர் காயும்போது ஓரத்தில் கருத்த வளையம் விழும். சொட்டின் விளிம்பு வேகமாக ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் துகள்களையும் இழுத்துக்கொண்டு வெளிப்புறமாக ஓடுகிறது. காபி வளையத்தின் இந்தக் காரணத்தை விளக்கும் ஆய்வு 1997-ல் நேச்சர் இதழில் வந்தது. ஒரு வளையம் அழகு, நான்கு வளையம் நாடகம். நான் பெரும்பாலும் துளை கீழே வரும்படி கிளிப் மாட்டித் தொங்கவிடுவேன். சாயம் வடிந்து துளைப்பக்கம் சேரும். டேக்கில் கை அதிகம் படுவதும் அங்கேதான்.

முழுவதும் காய்வதற்குச் சற்று முன், வெற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை ஏற்றினால் தட்டையாகும். அவசரம் என்றால் இஸ்திரி போடலாம். லேசர் அச்சு இருந்தால் பின்பக்கமாக, தாள் மூடி, குறைந்த சூட்டில் தேயுங்கள், இல்லையென்றால் டோனர் இளகி ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து உப்புத்தாள். நைஸ் ரகத்தால் மூலைகளை லேசாக மழுக்குங்கள், ஓரத்தில் அங்கங்கே இழை கிளம்பும்படி உரசுங்கள். துளையின் மேல்விளிம்பில் நூலை முன்னும் பின்னும் இழுத்தால் சிறு பள்ளம் விழும். ஓரத்தைத் தீயில் கருக்கும் பழக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. பெட்டியில் தொங்கிய டேக் எதற்காகத் தீயில் விழ வேண்டும்? நாடகத்துப் புதையல் வரைபடத்துக்கு வேண்டுமானால் அது சரி.

எழுத்திலும் அதே நிதானம் வேண்டும். அலங்கார எழுத்தில் “விண்டேஜ்” என்று அச்சிட்டால் செய்ததெல்லாம் வீண். அந்தக் கால டேக்குகள் குமாஸ்தா வேலைக்கானவை: ஒரு எண், ஒரு எடை, ஒரு தேதி, அவசரக் கையெழுத்து. கறுப்பைவிட அடர்பழுப்பு மை பொருந்தும். ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதானால் முதல் அச்சை வேறொரு தாளில் குத்திவிட்டு, மங்கிய இரண்டாவது அச்சை டேக்கில் விடுங்கள்.

மிச்சமிருக்கும் சாயத்தில் நூலையும் போட்டுவிடலாம். பருத்தி நூல் சாயத்தைப் பிடிக்கும், பாலியஸ்டர் பிடிக்காது. டீ, காபி இரண்டும் அமிலத்தன்மை உள்ளவை என்பதால் இந்த டேக்குகளைப் பழைய புகைப்படங்களோடு ஒட்டியோ உரசும்படியோ ஆல்பத்தில் வைக்காதீர்கள். நடுவில் ஒரு பாலியஸ்டர் பிளாஸ்டிக் உறை இருந்தால் பரவாயில்லை.