அவன் மட்டும் ஏன் டீ போடுகிறான்?

கேள்வி: ஆண்–ஆண் காதல் கதைகள் என்றால் எனக்கு உயிர். மொபைல் செயலியில் நானும் ஒரு தொடர் எழுதுகிறேன். பாலக்காட்டுக் கல்லூரியில் என்னோடு எம்.ஏ. படிக்கும் நண்பன் தன்பாலீர்ப்பாளன். ஆசையாகப் படிக்கக் கொடுத்தேன். "இதில் நான் எங்கேயுமே இல்லையே" என்று திருப்பித் தந்துவிட்டான். நான் எழுதுவது தப்பா அக்கா?
— பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: எழுதுவது தப்பே இல்லை, தங்கச்சி. ஆனால் நீ அனுப்பிய அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். வெள்ளையாக, ஒல்லியாக இருப்பவன் அழுகிறான், டீ போடுகிறான், மழையில் மயங்கி விழுகிறான். உயரமானவன் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறான், சந்தேகப்படுகிறான், 'வேண்டாம்' என்ற பிறகும் கையைப் பிடித்து இழுக்கிறான். ஒல்லியானவன் பெயரை எடுத்துவிட்டுக் கவிதா என்று போட்டுப் பார்த்தேன். கதையில் வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்த அச்சு நீ செய்ததல்ல. 1970-களில் ஜப்பானியப் பெண்கள் சிறுமிகளுக்காக வரைந்த காமிக்ஸிலிருந்து வளர்ந்து வந்தது. ஒருவன் 'செமே', மற்றவன் 'உகே': தாக்குபவன், ஏற்பவன். உன் நண்பனின் மனத்தாங்கலை 1992-லேயே அங்கே தன்பாலீர்ப்பாளர் ஒருவர், பெண்ணியச் சிற்றிதழ் ஒன்றில் கோபமாக எழுதினார். அந்த விவாதம் வருஷக்கணக்கில் நடந்தது.

இந்தக் கதைகள் நமக்கு ஏன் பிடிக்கின்றன என்று எனக்குத் தெரியும். பெண்ணே இல்லாத கதையில் நம் உடம்பை யாரும் எடை போடுவதில்லை. பயமில்லாமல் காதலைப் படிக்கலாம். அந்த நிம்மதியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் நாம் இறக்கி வைத்த சுமையை அந்த ஒல்லியானவன் தலையில் ஏற்றிவிட்டோமே, அதுதான் உறுத்துகிறது.

அப்புறம், இருவரும் தொட்டுக்கொள்ளாத நேரத்தில் உன் கதையில் ஒன்றுமே நடப்பதில்லை. வயதுவந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, பாலக்காட்டில் இவர்கள் வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் என்னென்ன விசாரிப்பார்? வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போகிற பஸ்ஸில் ஒருவன் தோளில் மற்றவன் தூங்கிவிட்டால், எழுப்புவானா, விட்டுவிடுவானா? அதை எழுது. உயரமானவனும் ஒருநாள் அழட்டும்.

நண்பனைப் பேட்டி எடுக்கப் போகாதே. அவன் அந்தரங்கம் உன் கதைக்குச் சரக்கு இல்லை. எந்தப் பக்கத்தோடு மூடி வைத்தாய் என்று மட்டும் கேள், அவனுக்கு இஷ்டமிருந்தால் சொல்வான். கையைப் பிடித்து இழுக்கிற காட்சியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடு. அதற்கு அவன் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.